திரும்பிப் பார்க்காமல் போனவள்

ஹாபாய்,
மார்ச் 6, 1993

அன்புள்ள தம்பி ஃபெலெத்திக்கு,

ஆண்டவர் இன்றும் எங்களைக் கண் விழிக்க வைத்தார், அதற்கு நன்றி. மழையோடு வந்த என் முழங்கால் வலி மழையோடு போய்விடும் என்று பொறுத்துக்கொண்டிருக்கிறேன். உன் உடம்பு எப்படி? ஐலினிக்குத் தலைநகரத்துப் புழுக்கம் பழகிவிட்டதா? ஆக்லாந்தில் பிறந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய், பாவம் அவள்.

ஒரு விஷயம் கேட்கவே எழுதுகிறேன். நேரில் கேட்கிற வழக்கம் நமக்குள் இல்லை, எழுத்துக்குத் தடை இல்லை. எங்கள் தீவில் உயர்நிலையின் முதல் வகுப்பு திறந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் பன்னிரண்டு வயதானதும் பிள்ளைகளைப் படகில் ஏற்றி, பக்கத்துத் தீவுப் பட்டணமான பாங்கய்க்கு அனுப்பிவிடுவோம். உன்னை ஆக்லாந்துக்கு அனுப்பியதும் அந்த வயதில்தான். வகுப்பு வேண்டும் என்று நான் எத்தனை பேர் வாசலில் போய் நின்றேன் என்று உனக்குத் தெரியாது.

போன வாரம் அதிகாரி ஒருவர் வந்தார். மே மாதம் வாசிப்புத் தேர்வு வருமாம். பாதிப் பேராவது தேறாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்களாம். "எழுத்துக் கூட்டிப் படிச்சா போதாது டீச்சர், புரிஞ்சு படிக்கணும்" என்றார். என் பிள்ளைகள் புரியாமல் ஒன்றும் படிப்பதில்லை. இருந்தாலும் தேர்வு நடத்துகிற அலுவலகத்தில் என் தம்பியே இருக்கும்போது கேட்டு வைப்பதில் தப்பில்லை. வினாத்தாளில் என்ன வரும் என்று கேட்க மாட்டேன். புரிந்து படிப்பது என்று உங்கள் அலுவலகத்தில் எதைச் சொல்கிறீர்கள்? அதை மட்டும் எழுது.

ஐலினிக்கு என் முத்தம்.

உன் அக்கா,
லோசலின்


நுகுஅலோபா,
மார்ச் 29

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டதில் மனசு நிறைந்தது. நாங்கள் சுகம். ஐலினி விசிறியும் கையுமாக இருக்கிறாள். உங்கள் முழங்காலுக்குத் தைலம் இந்தப் படகிலேயே அனுப்பியிருக்கிறேன். சூடாக்கித் தேயுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். கதையில் எழுதியிருப்பதைத் திருப்பிச் சொல்வது முதல் படி. எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது அடுத்த படி. ஒருத்தன் குடையை எடுத்தான் என்று கதை சொன்னால் மழை வருகிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ஒருத்தி என்ன செய்தாள் என்று மட்டும் சொன்னால், அவள் மனசில் என்ன இருந்தது என்று பிள்ளை சொல்ல வேண்டும். எங்கள் தேர்வில் பாதி மதிப்பெண் இதற்குத்தான். ஆக்லாந்தில் நான் படித்த படிப்பே இதுதான், அக்கா.

இத்தனை நாளும் வெளிநாட்டுக் கதைகளைத்தான் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். பனியும் ரயிலும் நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று நான் சண்டை போட்டேன். இந்த வருஷம் எல்லாம் நம் ஊர்க் கதைகள். அதில் ஒன்றை நானே எழுதினேன். இதற்கு மேல் சொன்னால் வேலை போய்விடும்.

வணக்கத்துடன்,
ஃபெலெத்தி


ஹாபாய்,
மே 23

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? தைலம் வந்தது, வலி அடங்கியது. இப்போது பள்ளி வரை உட்காராமல் நடக்கிறேன்.

தேர்வு முடிந்தது. முத்திரை வைத்த வினாத்தாள் மூட்டையைப் படகிலிருந்து சியோசாயா தோளில் சுமந்துகொண்டு வந்தான். மீன் பிடிக்கிறவன், அவன் மகன் மாக்கா என் வகுப்பில் இருக்கிறான். "ரொம்பக் கனமா இருக்கு டீச்சர், உள்ள கல்லு வச்சிருக்காங்களா?" என்றான். ஊரே பள்ளிக்கூட வேலியோரம் வந்து நின்றுகொண்டது. சத்தம் போட்டால் பிள்ளைகளுக்கு மறந்துவிடும் என்று போதகர் வீட்டம்மா சேவலைக்கூடக் கூடை போட்டு மூடி வைத்தார்.

மணி அடித்ததும் மாக்காதான் முதலில் ஓடி வந்தான். "டீச்சர், கடைசிக் கதை இருக்கே, அது சின்னப் புள்ளைங்ககிட்டக் கேக்குற கேள்வி! அதுலதான் மார்க் நிறைய!" என்றான். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. சிலியா மட்டும் சிரிக்கவில்லை. எதையும் இரண்டு முறை யோசிக்கிற பெண் அவள்.

நானும் அந்தக் கதையைப் படித்தேன். வெளியூரிலிருந்து தம்பி வருகிறான். அக்கா பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போகிறாள். அவன் ஊரைவிட்டுப் போகும்வரை அவள் வீட்டுக்கு வரவில்லை. வாசலில் சீமைப்பலா மரம். பாயின் ஓரத்தில் சிவப்புக் கம்பளி நூல், ஒரு மூலையில் மட்டும் நூல் உதிர்ந்திருக்கிறது. சிவப்பு நூல் வைத்த பாய் பல வீடுகளில் உண்டு.

வள்ளிக்கிழங்கு இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது. அடுத்த படகில் அனுப்புகிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
அக்கா


நுகுஅலோபா,
ஜூலை 2

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? கிழங்கு வந்தது. தேங்காய்ப்பாலில் வேகவைத்து அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம். ஐலினி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. முடிவு வந்துவிட்டது. உங்கள் வகுப்பில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடைசிக் கதையில்தான் அத்தனை பேரும் விழுந்துவிட்டார்கள். 'அக்கா ஏன் எழுந்து போனாள்? அவள் மனசில் என்ன இருந்தது?' என்பது கேள்வி. 'கோபம்' என்பது விடை. அடுத்த கேள்விகளும் அதைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன. உங்கள் பிள்ளைகள் 'மரியாதை' என்று எழுதியிருக்கிறார்கள். பூஜ்யம் விழுந்துவிட்டது.

அலுவலகக் கடிதமும் விடைத்தாள்களும் தனியாக வரும். வருஷக் கடைசியில் வகுப்பை மூடுவதாக இருக்கிறார்கள். என்னால் முடிந்தது ஒன்றும் இல்லை. மன்னியுங்கள்.

ஃபெலெத்தி


ஹாபாய்,
ஜூலை 25

அன்புள்ள தம்பிக்கு,

நானும் ஊராரும் உடம்பால் சுகம். மனசைப் பற்றிக் கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவில் முற்றத்தில் பெற்றவர்களைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னேன். கேள்வியையும் உங்கள் விடையையும் வாசித்தேன். கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சியோசாயா எழுந்தான்.

"கோபமா? யாருக்கு யார் மேல கோபம்? தம்பி உள்ள வந்தா அக்கா எழுந்து போவா. ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு பேரும் இருக்க மாட்டாங்க. இது ஊருக்கே தெரியுமே! இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

"எழுந்து போகலேன்னாத்தான் கேக்கணும்" என்றார் போதகர் வீட்டம்மா. "அவங்க ஆபீஸ்ல யாருக்கும் கூடப்பிறந்த பொண்ணுங்களே கிடையாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

தம்பி, என் பிள்ளைகள் கதையைத் தப்பாகப் படிக்கவில்லை. எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நீதான் எழுதியிருந்தாய். கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கதையை நம் ஊர்ப் பிள்ளை நம் ஊர் வழக்கப்படி புரிந்துகொண்டால் அதற்குப் பூஜ்யமா? இது எந்த ஊர் நியாயம்? இதை உன் மேலதிகாரியிடம் காட்டு.

சிலியா மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி எழுதியிருந்தாள். அதற்கும் பூஜ்யம்தான் போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


நுகுஅலோபா,
ஆகஸ்ட் 19

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன். எங்களுக்குச் சளியும் இருமலும் வந்து போயிற்று.

உங்களோடு வாதம் செய்வது முறையில்லை. ஆனாலும் என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. வழக்கம் எனக்கும் தெரியும். பன்னிரண்டு வயது வரை நானும் அந்தத் தீவில் வளர்ந்தவன்தான். கதையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். தம்பி அக்கா என்று கூப்பிடுகிறான், அவள் பதில் சொல்லவில்லை. வாசலில் ஒரு நிமிஷம் நிற்கிறாள், திரும்பவில்லை. அவன் படகேறும் நாளில் ஊரே கரைக்கு வருகிறது, அவள் வரவில்லை. மரியாதைக்கு எழுந்து போகிறவள் படகுத்துறைக்கு வராமலா இருப்பாள்? இங்கே தலைநகரத்தில் பாதிப் பிள்ளைகள் 'கோபம்' என்றுதான் எழுதினார்கள்.

எழுதியவனுக்குத் தெரியாதா அக்கா, அவள் ஏன் போனாள் என்று?

பாங்கய்ப் பள்ளியில் நல்ல நூலகம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது நல்லதாகவும் இருக்கலாம்.

ஃபெலெத்தி


ஹாபாய்,
செப்டம்பர் 20

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பெற்றவர்கள் கையெழுத்துப் போட்ட மனு இதோடு இருக்கிறது. விடைத்தாள்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சியோசாயா மனைவி மகனுடைய பெட்டியை இப்போதே அடுக்க ஆரம்பித்துவிட்டாள், அடுக்கிவிட்டு அழுகிறாள். மாக்காவுக்குப் பாங்கயில் மாமா வீடு இருக்கிறது. சிலியாவுக்கு அங்கே யாரும் இல்லை. அவள் போகமாட்டாள். பாய் முடைய உட்கார்ந்துவிடுவாள், அதோடு படிப்பு முடிந்தது. உங்கள் நூலகம் அவளுக்கு எதற்கு?

அந்தக் கதையில் வாசலில் நின்றவள் திரும்பவில்லை என்று மறுபடி மறுபடி எழுதுகிறாய். திரும்பியிருந்தால் அவள் முகம் அவனுக்குத் தெரிந்திருக்கும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

லோசலின்


நுகுஅலோபா,
அக்டோபர் 14

என் அன்பு அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்களைச் சுகமாகவும் உட்கார்ந்த நிலையிலும் சந்திக்கட்டும், ஏனென்றால் நல்ல செய்தி. வகுப்பு நிலைத்துவிட்டது!

மனுவையும் விடைத்தாள்களையும் தூக்கிக்கொண்டு மேலதிகாரி டானியேலாவின் அறைக்குப் போனேன். முதலில் ஒரே கத்தல். "ஒரு கேள்விக்கு ஒரு விடைதான்யா. ஆளுக்கொண்ணு சொல்றதுக்கு இது என்ன மீன் சந்தையா?" என்றார். கதையைப் படித்தீர்களா ஐயா என்று கேட்டேன். படித்ததில்லையாம், எண்களைத்தான் பார்ப்பாராம். அங்கேயே உட்கார்ந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என் தங்கச்சி எதிர் வீட்டுலதான் இருக்கா. நான் வாசலுக்கு வந்தா அவ உள்ள போயிடுவா. முப்பது வருஷமா இப்படித்தான். நாளைக்கு அவளுக்கும் பூஜ்யம் போடுவியா நீ?"

கதைத் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"எழுதினது எவன்?"

"நான்தான் ஐயா."

"நீ எத்தனை வருஷமாய்யா ஊர்ல இல்ல?" என்றார். அதில் கோபம்கூட இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே 'மரியாதை' என்பதையும் சரியான விடையாகச் சேர்த்தோம். உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். சிலியா ஒரு கேள்விக்கு இரண்டு விடை எழுதியிருப்பதாகத் திருத்தியவர் அடித்துவிட்டார். விதி அப்படி. அவளுக்கு மட்டும் இரண்டு மதிப்பெண் குறைகிறது. ஆனாலும் வகுப்பு இருப்பதால் அவள் படிப்புக்குக் குறைவில்லை.

அக்கா, அது நம் வீடுதான் என்று முதலிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில் நாங்கள் வந்தபோது பாயைச் சுருட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். "உன் அக்காவுக்கு உன் மேல என்ன கோபம்?" என்று ஐலினி கேட்டாள். வழக்கம் என்று சொன்னேன். ஆனால் உள்ளுக்குள், அம்மாவின் அடக்கத்துக்கு நான் வராததால்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு திரிந்தேன். உங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து எனக்குச் சொல்லிவிட்டார்கள், அது மரியாதைதான் என்று. பெரிய கல் ஒன்றை இறக்கி வைத்தமாதிரி இருக்கிறது. நான்தான் வீணாகப் பயந்திருக்கிறேன். சரிதானே அக்கா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஃபெலெத்தி


நுகுஅலோபா,
நவம்பர் 17

அன்பு அக்காவுக்கு,

சுகம்தானே? என் கடிதம் கிடைத்ததா? இரண்டு படகு வந்து போய்விட்டன. படகுக்காரரிடம் விசாரித்தேன். "டீச்சருக்கென்ன, நல்லா இருக்காங்க. புள்ளைங்களோட பாடிக்கிட்டு இருந்தாங்க" என்றார். அப்படியானால் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வரலாம் என்று ஐலினியும் நானும் நினைக்கிறோம். நீங்கள் சம்மதித்தால் மட்டும்.

ஃபெலெத்தி


ஹாபாய்,
டிசம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் சுகம். பதில் போடாததற்கு உடம்பு காரணமில்லை.

வகுப்பு நிலைத்த செய்தி வந்த அன்று சியோசாயா பன்றியை அடித்து ஊருக்கே விருந்து வைத்தான். அவன் மனைவி மகன் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அதில் கோழியை அடை வைத்துவிட்டாள். உனக்காகப் போதகர் ஜெபம் பண்ணினார். நானும் ஆமென் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

"சரிதானே அக்கா" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று. சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் உனக்கும் நிம்மதி, எனக்கும் வேலை மிச்சம். இரண்டு தடவை எழுதியும் வைத்தேன். ஆனால் சிலியாவை வகுப்பில் தினமும் பார்க்கவேண்டியிருக்கிறது. அவள் எழுதியதை நீ படிக்கவில்லை, திருத்தியவர் அடித்ததோடு விட்டுவிட்டாய். அவள் எழுதியது இதுதான்:

"மரியாதைக்காகத்தான் எழுந்து போனா. ஆனா அவளுக்குக் கோபமும் இருக்கு. தம்பிகிட்ட கோபத்தைக் காட்டக் கூடாது, அதனால திரும்பாம போறா. எழுந்து போற வழக்கம் இருந்தது அவளுக்கு வசதியாப் போச்சு."

எனக்கு ஒருவரும் சொல்லாததைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொல்லிவிட்டது.

ஆமாம் தம்பி, எனக்குக் கோபம்தான். அம்மாவை அடக்கம் செய்த அன்று வந்தவர்களுக்குச் சமைக்க மண்ணில் தோண்டிய குழியோரம் உன் வயதுப் பையன்கள் எல்லாம் புகையில் நின்று வேலை செய்தார்கள். உன் இடம் காலியாக இருந்தது. நீ ஆக்லாந்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். வந்தவர்கள் எல்லோரும் மகன் எங்கே, மகன் எங்கே என்று கேட்டார்கள். தந்தி உனக்குத் தாமதமாகக் கிடைத்தது, விமானம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். கோவில் வாசலில் நின்று பொய் சொன்னேன். ஊர் இன்றுவரை அதைத்தான் நம்புகிறது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு வழக்கம் இடம் கொடுக்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நீ வந்த அன்று மரியாதை என்னை எழுந்து போகச் சொன்னது. கோபம் என்னைத் திரும்பவிடாமல் பார்த்துக்கொண்டது.

பிள்ளைகளுக்காக உன்னோடு வாதாடும்போதே எனக்கு இது தெரியும். வழக்கத்தில் அவர்கள் சொன்னது சரி. என் விஷயத்தில் நீ சொன்னதும் சரி. இரண்டையும் சேர்த்துப் படித்தது சிலியா ஒருத்திதான், அவளுக்குத்தான் மதிப்பெண் இல்லை. அதை அவளுக்குக் கொடுத்துவிடு. விதி என்று என்னிடம் சொல்லாதே.

இன்னொன்று. பாயின் மூலையில் நூல் உதிர்ந்திருந்ததை நீ கதையில் எழுதியிருந்தாய். மே மாதம் படித்தபோது எழுந்துபோய் பாயை விரித்துப் பார்த்தேன். உதிர்ந்துதான் இருக்கிறது. அதில் தினமும் படுக்கிற நானே கவனித்ததில்லை. நான் வாசலைத் தாண்டிப் போனபிறகும் நீ அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அது தெரிந்த நாளிலிருந்து கோபத்தை இழுத்துப் பிடித்துப் பார்க்கிறேன், நிற்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். கூரையை மாற்றியிருக்கிறேன், ஒழுகாது. கொப்பரையில் தண்ணீர் பிடித்து வைப்பேன். அம்மா கல்லறைக்கு வெள்ளை மணலும் பவளக்கல்லும் போட வேண்டும், அந்த வேலையை உனக்காக விட்டு வைத்திருக்கிறேன். நீ வாசலில் வந்ததும் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போய்விடுவேன். ஐலினி கேட்டால் சொல்: இந்த முறை மரியாதைக்கு மட்டும்தான்.

நீ கிளம்பும் நாளில் படகுத்துறைக்கு வருவேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அக்கா லோசலின்